பழைய விஜயலக்ஷ்மி

சாயாக்கடையின் பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் பேச்சிமுத்து பேசிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் இசக்கிசெல்வி எண்ணெயில் நேந்திரம் பழம்பொரியைக் கரியவிட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் பேசக்கூடியவன் என்பதே அவளுக்கு இந்த மழைக்காலத்தில்தான் தெரியவந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அவளிடம் பேசிய பேச்சையெல்லாம் வாரிக் கட்டினால் ஒரு தலைச்சுமைக்குக் காணாது. "சோறு." "போரும்." "மழ வருது." "பிள்ள வந்தாச்சா?" அவ்வளவுதான். விதுரைச் சந்தையில் மீன் விலை ஏறிக்கிடந்தாலும் சொல்லமாட்டான்; அவளே பையைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்டவன், காரியவட்டத்து யூனிவர்சிட்டியிலிருந்து ஒரு பெண் வந்து பெஞ்சுமேல் டேப் ரிக்கார்டரை வைத்துப் பொத்தானை அழுத்தியதும் பேசத் தொடங்கிவிட்டான். கல்லாற்றில் மலைவெள்ளம் வருவது அப்படித்தான். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். டவுனிலிருந்து வந்த பிள்ளைகள் பாறைமேல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளித்துக்கொண்டிருப்பார்கள். மேலே பொன்முடிப் பக்கம் எங்கோ பெய்த மழை சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவந்து, முட்டளவு ஆற்றை மார்பளவாக்கிவிடும்.

"அப்பறம், அண்ணே?" என்றது அந்தப் பெண்ணின் குரல்.

"அப்பறம் என்ன மோளே... கம்பளிய ரெண்டா மடிச்சித் தூளி கெட்டுனோம். மூங்கில் கம்ப நடுவுல குடுத்து, முன்னால நான், பின்னால எங்க சித்தப்பா. மழன்னா மழ, கண்ணு தெரியல..."

இசக்கிசெல்வி அடுப்பிலிருந்து கொள்ளியை இழுத்துத் தண்ணீரில் அமுக்கினாள். அது சீறியது. மோளே! பெற்ற மகள் சுஜாவை அவன் 'ஏ' என்றுதான் கூப்பிடுவான்.

வாசலில் ராஜபாய் ஈரக்குடையை உதறினாள். மேலே தேயிலை எஸ்டேட்டில் இசக்கிசெல்விக்கு அடுத்த வரிசையில் கொழுந்து பறித்தவள். இப்போது பாலத்தடியில் உப்பிலிட்ட நெல்லிக்காயும் அன்னாசித் துண்டும் விற்கிறாள். மழைநாளில் வியாபாரம் கிடையாது. ஆகவே வாயைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுவாள்.

"என்னளா, கரிஞ்ச மணம் பாலம் வரைக்கும் வருது? அடுப்பா, வயிறா?"

"ஒனக்கு நெல்லிக்கா ஊறப்போட வேற பாத்திரம் வேண்டாம், எக்கா. ஒன் வாயே போரும்."

"அது கெடக்கட்டும். உள்ள யாரு, ஒன் மாப்ளயா? நான் சர்ச்சுல பிரசங்கமாக்கும்னு நெனச்சேன்."

"அந்தப் பிள்ள பிஎச்டி பண்ணுது. எல்லார்ட்டயுந்தான் கேக்குது. ஒன்னயும் கேட்டுதுல்லா?"

"கேட்டுது, கேட்டுது. நான் பேசுனது ஒரு கேசட்டுல பாதி. ஒன் ஆளுக்கு நாலாவது ஓடுது." ராஜபாய் ஒரு பழம்பொரியை எடுத்து, கரிந்த பக்கத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு வாயில் போட்டாள். "ஒனக்கு எத்தன கேசட்டு?"

இசக்கிசெல்விக்கு ஒன்றுமில்லை. முதல் சனிக்கிழமை அந்தப் பெண் அவளிடம்தான் முதலில் வந்தாள். "அக்கா, நீங்க எஸ்டேட்டுல வேல பாத்தியளா?" என்று கேட்டாள். சுத்தமான நகங்களும் தோளில் துணிப்பையுமாக நின்ற அவளைப் பார்த்ததும் இசக்கிசெல்வி தன் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது. அவருகிட்ட கேளு" என்று சொல்லி உள்ளே போனாள். அந்தப் பெண் அவனிடம் போய்க் கேட்டாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன?

பெண்ணின் பேர் ராகேல். பாறசாலைக்காரி; அப்பா சுவாமிதாஸ் பள்ளிக்கூட வாத்தியார். மலையாளம் படித்து, இங்கிலீஷில் எழுதி, வீட்டில் தமிழ் பேசுகிறவள். கல்லாறு ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் நடந்து வருவாள். அவள் படிப்பு என்னவென்று ராஜபாய்தான் ஒருநாள் நேராகக் கேட்டுவிட்டாள்.

"வெள்ளக்காரன் போயாச்சு அக்கா. ஆனா அவன் வச்சிட்டுப் போன வழக்கம் போகல்ல. மேல நீங்க மேனேஜர என்னண்ணு கூப்புடுவிய?"

"துரைன்னு."

"அவருக்கு ஊரு எங்க?"

"ஆலப்புழ. நாவப்பழம் மாதிரி கருப்பா இருப்பான். அவம் பொண்டாட்டி எங்கள மாதிரிதான் கப்பயும் மீனும் திம்பா. ஆனாலும் அவன் துரை, அவ தொரசாணி!" ராஜபாய் சிரித்த சிரிப்பில் நெல்லிக்காய்ப் பரணி அதிர்ந்தது.

"அதுதான் எனக்க சப்ஜெக்ட்டு" என்றாள் ராகேல். "புத்தகத்துல துரைமாருக்க கதை எல்லாம் உண்டு. எந்த வருசம் செடி நட்டாங்க, எந்த பங்களா எப்ப கெட்டுனாங்கண்ணு உண்டு. நட்டவங்க பேரு கெடையாது. அத நான் எழுதணும்."

'எழுது, எழுது' என்று நினைத்துக்கொண்டு இசக்கிசெல்வி டம்ளர் கழுவினாள். அன்றைக்கு அவளுக்கு ராகேல்மேல்தான் எரிச்சல். அந்தப் பெண் தலையாட்டிக் கேட்கிற அழகும், "அய்யோ அண்ணே" என்று நெஞ்சில் கை வைப்பதும். ஆனால் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கக் கேட்க அவளுக்கு விளங்கிவிட்டது. அவன் பேச்சு அந்தப் பெண்ணுக்காக வந்ததல்ல. அவள் கதவைத் திறந்துவிட்டாள், அவ்வளவுதான். உள்ளே இருந்தவள் வேறொருத்தி.

விஜயலக்ஷ்மி. அவனுடைய முதல் பெண்டாட்டி.

உயிரோடு இருப்பவளென்றால் குழாயடியில் வைத்துக் கூந்தலைப் பிடிக்கலாம். செத்தவளை என்ன செய்ய?

*

மேலே, பத்தாம்பாறை எஸ்டேட்டில், வேலை ஆளுக்குக் கிடையாது, பேருக்குத்தான். விடியுமுன் களத்தில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பேர். பெரட்டில் ஒரு பேரை வெட்டிவிட்டால் அந்த இடத்தில் புதுப்பேர் ஏறுவதற்கு வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் தற்காலிகக் கூலிதான். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அந்த ஒற்றை அறைகூட நிச்சயமில்லை. ஆகவே பெண்டாட்டி செத்த வீட்டுக்கு அடுத்து வருகிறவள், பழையவளின் பேரிலேயே பெரட்டுக்குப் போய் நிற்பது வழக்கம். கண்காணிக்குத் தெரியும், கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், துரைக்கும் தெரியும். தேயிலைக்கு மட்டும்தான் தெரியாது.

இசக்கிசெல்வி போனக்காட்டு லயத்தில் பிறந்தவள். பேச்சிமுத்துவுக்கு இரண்டாந்தாரமாக மலைக்கு மலை கட்டிக்கொடுத்தார்கள். கையில் மருதாணிச் சிவப்பு போகுமுன்னே மாமியார் அவளைக் களத்தில் கொண்டு நிறுத்தினாள்.

"விஜயலக்ஷ்மின்னு கூப்புடுவான். ஏன்னு கொரல் குடு. பேசாம நிந்துறாத, கேட்டியா?"

கூப்பிட்டான். அவள் குரல் கொடுத்தாள். அன்று முதல் விடியல்தோறும் இருட்டில் இன்னொருத்தியின் பேருக்குக் குரல் கொடுத்தாள். பேரோடு மற்றதெல்லாம் வந்தது. இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு அவளுடையது. இசக்கிசெல்விக்குக் கணுக்கால் வரை இறங்கித் தடுக்கியது. தலையில் மாட்டும் கூடைக்கயிறு அவளுடையது; மூன்று முடிச்சுப் போட்டுச் சுருக்க வேண்டியிருந்தது. ஆகவே அவள் நெட்டையானவள் என்று இசக்கிசெல்வி தெரிந்துகொண்டாள். ஃபோட்டோ ஒன்றுகூடக் கிடையாது. முகம் இல்லாதவளுக்கு இசக்கிசெல்வியே ஒரு முகம் செய்தாள். செய்யும்போது கொஞ்சம் தாராளமாகவே செய்துவிட்டாள். நீளமான கண், எடுப்பான மூக்கு, மழையில் நனைந்தால் இன்னும் அழகாகிற நிறம்.

புருஷன் இவளை எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பழைய பேர் அவன் நாக்கில் வரவில்லை; புதுப்பேர் அந்த மலையில் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. "இந்தா" என்பான். திரும்பிப் பார்ப்பாள்.

அந்த மலையில் அவளுக்கென்று ஒரு நாள் மட்டும் இருந்தது. கூடை கவிழ்த்த நாள்.

கொழுந்துக் கொட்டகையில் தராசின் முள் கண்காணி பக்கம் பார்த்துத் தொங்கும். திரவியம் என்ற கண்காணி முள்ளைப் பார்ப்பான், ஈரத்துக்கு என்று கழிப்பான், கூடைக்கு என்று கழிப்பான், தன் மனசுக்கு என்றும் கொஞ்சம் கழிப்பான். சொன்னதுதான் எடை. பெண்கள் முணுமுணுப்பார்கள், அந்த முணுமுணுப்பு அவர்களுடைய அம்மாமார் காலத்திலிருந்து வருவது. அன்று காலையிலிருந்து மழை. இசக்கிசெல்வி அட்டைக்கடியையும் பாராமல் விரல் நுனி வெடிக்கப் பறித்திருந்தாள். அவள் வாழ்க்கையிலேயே அத்தனை கொழுந்து பறித்ததில்லை. கூடையைக் கொண்டுபோய் வைத்தபோது திரவியம் முள்ளைப் பார்த்துவிட்டுக் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான்.

"ம். பரவாயில்ல. ஆனா பழைய விஜயலக்ஷ்மின்னா இந்நேரம் ரெண்டாங்கூட நெறச்சிருப்பா. அது கையில்ல, மிசினு."

அவ்வளவுதான் சொன்னான்.  இசக்கிசெல்வி கூடையைத் தூக்கி அவன் காலடியில் அப்படியே கவிழ்த்துவிட்டாள்.

பின்னால் நின்ற ராஜபாய்க்கு அந்தப் பேச்சு கேட்கவில்லை. தகரக் கூரையில் மழை. அவள் கண்டதெல்லாம் தராசுக்கு முன்னால் கவிழ்ந்த கூடைதான். "அதாம்லா சரி! முள்ள எங்க பக்கம் திருப்புல, கள்ளப்பயலே!" என்று கத்திக்கொண்டு அவளும் கவிழ்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் கவிழ்த்தாள். பச்சை ஆறு மாதிரிக் கொழுந்து கொட்டகை முழுக்க ஓடிற்று. மறுநாள் யாரும் வேலைக்கு இறங்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. யூனியன்காரர்கள் விதுரையிலிருந்து ஜீப்பில் வந்தார்கள். கடைசியில் தராசு திரும்பியது. முள் பெண்கள் பக்கம் பார்த்துத் தொங்கியது. ஃபாக்டரிக்குப் பூட்டு விழுந்து எல்லாரும் மலை இறங்கின ரெண்டாயிரமாவது வருஷம் வரைக்கும் அது அப்படியேதான் இருந்தது.

'விஜயலக்ஷ்மி கூடயக் கவுத்தா' என்று மலை முழுக்கப் பேச்சு. இசக்கிசெல்வி மறுக்கவில்லை. பேர் எதுவானாலும் கை தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். அங்கே எல்லாருக்கும் தெரியும். கீழே வந்து கடை போட்டதும் முதல் வேலையாகப் பலகையில் மலையாள எழுத்தில் 'செல்வி டீ ஸ்டால்' என்று எழுதவைத்தாள். பழைய பேர் சொல்லி யார் கூப்பிட்டாலும் சாயா கொடுப்பதில்லை என்று ஒரு சட்டமும் போட்டாள். ராஜபாய்கூட அதன்பிறகு 'செல்வி' என்றே பழகிவிட்டாள். ஆனால் மலைக்கதை பேசும்போது மட்டும் நாக்கு பழைய இடத்துக்குப் போய்விடும். ராகேலின் அரைக் கேசட்டில் அவள் சொன்னதும் அப்படித்தான். விஜயலக்ஷ்மி கூடையைக் கவிழ்த்தாள்.

*

அடுத்த சனிக்கிழமை நல்ல வெயில். பாலத்தடியில் கார்கள் நின்றன. ராஜபாய்க்குத் தலைசொறிய நேரமில்லை. ராகேல் ஒரு கட்டுத் தாளோடு வந்தாள். முகம் பளபளவென்று இருந்தது.

"அக்கா, நீங்களும் இரிங்க. ஒரு அத்தியாயம் எழுதி முடிச்சாச்சு. எனக்க கைடு படிச்சிட்டு, தீசிஸுக்க உயிரே இதுதான்னாரு. அண்ணனுக்கு வாசிச்சுக் காட்டாம குடுக்கப்பிடாதுண்ணு வந்தேன்."

இங்கிலீஷில் எழுதியிருந்ததை அவள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். நன்றாகத்தான் சொன்னாள். தூக்கணாங்குருவி கூடு கட்டுவதுபோல ஒரு நாரும் வெளியே தெரியாமல் பின்னியிருந்தாள். விஜயலக்ஷ்மி என்று ஒரு கொழுந்துக்காரி. கள்ளத் தராசுக்கு எதிராக அவள் கூடையைக் கவிழ்த்தாள். மலையே அவள் பின்னால் நின்றது. துரை அதை மறக்கவில்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில் அவள் பிள்ளைத்தாய்ச்சியாகக் காய்ச்சலில் கிடந்தபோது ஜீப் கேட்டார்கள். ஜீப் இல்லை என்றார்கள்; கூடை கவிழ்த்ததற்கு அதுதான் தண்டனை. புருஷன் அவளைக் கம்பளித் தூளியில் கட்டிச் சுமந்து இறங்கினான். கல்லாறு வருமுன்னே அவள் கதை முடிந்தது.

இசக்கிசெல்வியின் கையில் சாயா உறிஞ்சாமலே ஆறியது.

செத்தது விஜயலக்ஷ்மி. கவிழ்த்தது நான். அவள் மண்ணுக்குப் போய் அஞ்சாறு வருஷம் கழித்து நான் கவிழ்த்தேன். ஜீப் அன்றைக்குத் துரையின் விருந்தாட்களைக் கூட்டிக்கொண்டு பொன்முடி பார்க்கப் போயிருந்தது; அதுதான் காரணம், வேறொன்றுமில்லை. இது இந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

அவள் புருஷனைப் பார்த்தாள். இப்போது சொல்வான். மோளே, அது வேற, இது வேற. கவுத்தது இந்தா நிக்கால்லா, இவ. சொல்லக்கூடிய நாக்கு இப்போது இருக்கிறதே!

பேச்சிமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சரியாத்தான் இருக்கு, மோளே" என்றான்.

*

அந்த வாரம் செல்வி டீ ஸ்டாலில் வந்தவர் போனவருக்கெல்லாம் சீனி கூடுதலாக விழுந்தது. பேச்சிமுத்துவின் சாயாவில் மட்டும் விழவில்லை. அவன் முகம் சுளிக்காமல் குடித்தான். அது அவளை இன்னும் எரித்தது. மத்தி வறுத்தாள், அவன் தட்டில் வாலும் தலையும். கப்பைக்கிழங்கு அவித்தாள், அவனுக்கு அடிப்பிடித்தது. எதற்கும் ஒரு சொல் இல்லை. பேச்செல்லாம் கேசட்டில் போய் முடிந்துவிட்டது போலிருந்தது.

"சுஜா, ஒங்கப்பாட்ட சொல்லு, வெறவு தீந்துபோச்சு."

பள்ளிக்கூடச் சீருடையோடு நின்ற மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மே, நிங்ஙள் ரண்டாளும் ஒரே முறியிலல்லே இரிக்குந்நே?" என்று, ஒரே அறையில்தானே இரண்டு பேரும் இருக்கிறீர்கள் என்பதை மலையாளத்தில் கேட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

இசக்கிசெல்விக்கு வெட்கமாகவும் இருந்தது. பிள்ளையைச் சுமந்துகொண்டு செத்தவள். அவளுடன் போய் என்ன போட்டி? ஆனால் வெட்கம் வரும்போதே அதன் அடியில் மற்றது புகைந்தது. சாவுகூட அவளுக்கு அழகாகத்தான் அமைந்திருக்கிறது. மழை, கம்பளி, மூங்கில், புருஷன் தோள். நான் செத்தால் விதுரை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போவேன். அதிலும் இவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

வெள்ளிக்கிழமை மறுபடி மழை பிடித்தது. ஆள் வரத்து இல்லை. இருவரும் தட்டிக்குப் பின்னால் எதிரெதிரே உட்கார்ந்து நாளைக்கான கப்பையைத் தோலுரித்தார்கள். அவன் கத்தியால் நீளக் கீறி, கட்டைவிரலை உள்ளே கொடுத்து, தோலை ஒரே சுருளாக உருவிப் போடுவான். அவள் கொத்திக் கொத்தி எடுத்தாள்.

"கப்ப பாவம்" என்றான் பேச்சிமுத்து.

அவள் கத்தி நின்றது. "பேச்சு வருதே! டேப்பு எங்க? ஓடுதா?"

அவன் இன்னொரு கிழங்கை எடுத்தான். 

"அவளுக்கு வேற என்னட்டி இருக்கு?" என்றான், கிழங்கைப் பார்த்தபடி. "வந்தா. ரெண்டு வருசம் கொழுந்து பறிச்சா. செத்தா. அதும் எதுக்கு? எவனோ நாலு பேரு மலய வேடிக்க பாக்கப் போனதுக்கு. அந்தப் பிள்ள வாசிச்சப்ப... ஒரு காரணத்துக்குச் செத்த மாதிரி இருந்துது. இருந்துட்டுப் போட்டுமேன்னு நெனச்சேன். ஒனக்குக் கட இருக்கு. பிள்ள இருக்கு."

அவன் அவளிடம் இத்தனை சொற்களை ஒரே மூச்சில் பேசியது அதுதான் முதல் தடவை. அதுவும் செத்தவளுக்காகப் பேசினான், மறுபடியும்.

"எனக்கு அங்க என்ன இருந்துது?" அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "சொல்லும். படங்கு அவளுது. கூட அவளுது. காலம்பற எந்திரிச்சி நான் குடுத்த கொரலு அவளுது. நீரு... அத விடும். அந்தக் கொட்டகையில நின்ன ஒரு நாளுதான் என்னுது. அதயும் நீரு தூக்கி அவ மடியில போட்டாச்சி. செத்தவளுக்கு நீரு என்ன வேணாலும் குடும். உம்ம துட்டுல வாங்கிக் குடும். என்னுத எடுத்துக் குடுக்க நீரு யாரு?"

 அவன் கையிலிருந்த கிழங்கின் தோல் பாதியில் அறுந்து விழுந்தது.

*

சனிக்கிழமை ராகேல் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறும்போதே இசக்கிசெல்வி பெஞ்சைத் துடைத்து உட்கார்ந்திருந்தாள். ராஜபாயையும் ஆள் விட்டுக் கூட்டி வைத்திருந்தாள்.

"பொட்டியத் தெற, பிள்ளே. எனக்குச் சொல்லணும்."

"அக்கா, ஒண்ணும் தெரியாதுண்ணுல்லா சொன்னீங்க..."

"நான் மேல கொழுந்து பறிச்சவ. எக்கா, நீயே சொல்லு. கூடயக் கவுத்தது யாரு?"

"விஜயலக்ஷ்மி" என்றாள் ராஜபாய்.

"அது யாரு?"

"நீதாம்லா!" என்றாள் ராஜபாய், இதென்ன கேள்வி என்பதுபோல.

ராகேலின் விரல் பொத்தான்மேலேயே நின்றுவிட்டது. இசக்கிசெல்வி பெரட்டைச் சொன்னாள், பேரைச் சொன்னாள், மாமியார் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். ராகேலின் முகத்தில் இருந்த வெளிச்சம் ஒவ்வொரு சன்னலாகச் சாத்துவதுபோல அணைந்தது. உயிர் என்று கைடு சொன்ன அத்தியாயம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஆனாலும் அவள் நல்ல பெண். மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு தாள்களைப் பைக்குள் தள்ளினாள்.

"எங்க வீட்டுலயும் உண்டு அக்கா. ராகேலுண்ணும் சுவாமிதாசுண்ணும் எங்க ஆளுகளுக்குப் பேரு போடத் தொடங்குனது ஒரு வெள்ளக்கார மிசன் சாயிப்பு. அதுக்கு முந்தி எங்க ஆளுகளுக்கு என்ன பேருண்ணு அப்பாவுக்கே தெரியாது. நான் போயி பேர மட்டும் நம்பிட்டேன் பாருங்க." பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. "சொல்லுங்க. உங்க பேரு?"

"இசக்கிசெல்வி."

"அந்தக் கள்ளத் தராசப் பத்தி உங்களுக்கு எப்ப தோணிச்சு?"

இங்கேதான் அவள் நின்றாள். தராசைப் பற்றி அவளுக்கு அன்றைக்கு ஒன்றுமே தோன்றியிருக்கவில்லை. தோன்றியது என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாள் அவளுடையது, அத்தியாயமும் அவளுடையது. தட்டியருகே பேச்சிமுத்து கையில் டம்ளரோடு நின்றான். கூடை ஏன் கவிழ்ந்தது என்று அவனுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்னால் இத்தனை வருஷமாக அவள் எதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாளோ அது இந்த பெஞ்சுமேல் கொட்டும். செத்தவளைப் பார்த்துப் பொருமியவள் என்று அவன் அறிந்துவிடுவான். சொல்லாவிட்டால், இவள் சொல்லப்போவதும் இன்னொரு பின்னல்தான். அதையும் அவன் 'சரியாத்தான் இருக்கு மோளே' என்பான்.

"தராசும் மண்ணாங்கட்டியும் இல்ல" என்றாள். "பொறாம."

"அக்கா?"

"திரவியம் சொன்னான், பழைய விஜயலக்ஷ்மின்னா இந்நேரம் ரெண்டு கூட நெறச்சிருப்பா, அது கையில்ல மிசினுன்னு. எனக்குத் தாங்கல்ல. தூக்கிக் கவுத்துட்டேன். பொறத்த நின்ன இவதான் முள்ளத் திருப்புன்னு கத்துனா."

ராஜபாய் வாயைப் பிளந்தாள். "எடீ பாவி! அதுக்கா? நான் உன் பொறத்தால வேலையே போனாலும் போட்டும்னுல்லா கவுத்தேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிக்க முடியவில்லை அவளால். "நாலு நா கூலி போச்சே! இவ சக்களத்தி சண்டைக்கு நாலு நா பட்டினி!"

"முள்ளு திரும்பிச்சுல்லா" என்றாள் ராகேல் மெதுவாக. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பொறாமைண்ணு எழுதினா எனக்க கைடு சம்மதிப்பாரோ என்னவோ. எழுதிப் பாக்கேன்."

யாரும் எதிர்பாராமல் பேச்சிமுத்து முன்னால் வந்தான். டம்ளரைப் பெஞ்சுமேல் வைத்தான்.

"அவ கை மெதுவு" என்றான்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"திரவியம் சும்மா உன்னய ஏத்திவிடச் சொல்லிருக்கான். கள்ளப்பய. விஜயத்துக்கு ஒரு கூட நெறயுததே பெரும்பாடு. எங்கம்ம ஏசாத நாள் கெடையாது. ஒரு கொழுந்தக் கிள்ளும். கிள்ளிட்டு அதத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே நிக்கும். பனி ஒட்டியிருந்தா ஊதிவிடும். அப்பறந்தான் கூடயில போடும்." அவன் மீசைக்கடியில் ஏதோ அசைந்தது. "மிசினாம், மிசினு!"

இசக்கிசெல்விக்கு முதலில் தலையிலிருந்து ஒரு கூடை இறங்கியதுபோல இருந்தது. எத்தனை விடியல், எத்தனை மழை, அந்த நீள விரல்களோடு அவள் போட்டி போட்டிருக்கிறாள்! விரல் நுனி வெடிக்க வெடிக்க ஓடியிருக்கிறாள். பந்தயத்தில் மற்றவள் ஓடவே இல்லை. எங்கோ பாதியில் நின்று ஒரு கொழுந்தை ஊதிக்கொண்டிருந்திருக்கிறாள். சிரிக்கலாம் போல இருந்தது.

சிரிப்பதற்குள் அது வந்துவிட்டது. விஜயம். அப்படியா கூப்பிட்டான்?

அவன் ஃபாக்டரியில் இலை வாட்டும் அறையில் வேலை பார்த்தவன். மலைச்சரிவில் ஒருத்தி கொழுந்தைக் கிள்ளி, திருப்பிப் பார்த்து, பனியை ஊதி விடுவதை, வேலையை விட்டுவிட்டு எங்கே நின்று பார்த்தான்? எத்தனை நாள் பார்த்தான்? அந்த நெட்டைப் பெண்ணுக்கு இசக்கிசெல்வி தாராளமாகச் செய்துகொடுத்த முகம் இப்போது தலையைக் குனிந்து, உதட்டைக் குவித்து ஊதியது. பொறுக்க முடியாத அழகாக இருந்தது.

கேசட் பக்கம் முடியப்போகிறதென்று ராகேல் கையை நீட்டினாள்.

"நிறுத்தாத, பிள்ளே" என்றாள் இசக்கிசெல்வி. புருஷன் பக்கமாக முழுக்கத் திரும்பி உட்கார்ந்தாள். "இப்பச் சொல்லும். நான் எப்பிடிப் பறிப்பேன்?"